உங்கள் வீட்டில் 'மா' என்றால் என்ன?

செய்தியைக் கொண்டுவந்தவர் ரோசா. கனடாவில், பார்க்டேலில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில், வகுப்புக்காகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரோசா என்னோடு படிப்பவர், இத்தாலி நாட்டவர். அவருக்கும் எனக்கும் பொதுவான பேச்சு அதிகம் இல்லை. வாசலில் நின்று "ரீச்சர்" என்றார். இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்களை மூடினார். திறந்தபோது கண்ணீர் வடிந்தது. எங்கள் சிவமலர் ரீச்சர் போய்விட்டார் என்று விளங்கியது.

இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த ரீச்சரின் தம்பி, "நீங்கள் சொல்லுங்கோ அங்கிள், நான் எழுதுறன்" என்றார். அன்போடுதான் சொன்னார்.

"நான்தான் எழுதுவன். சுணங்கும், பொறுங்கோ" என்றேன்.

அவர் அச்சகத்தைப் பொறுக்கச் சொல்லிவிட்டார். ஆகவே இதில் ஒவ்வொரு எழுத்தும் என் கை எழுதியது. எழுத எழுத எனக்கு இனிக்கிறது. துக்கத்தில் இப்படிச் சொல்லலாமோ தெரியாது, ரீச்சர் கோபிக்கமாட்டார்.

நான் ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. மகன் என்னைக் கனடாவுக்கு எடுப்பித்த பிறகு, தேவாலயம் ஒன்றின் நிலவறையில் எழுத்தறியாத முதியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "உந்த வயசில உதேன் அப்பா? ரிவியைப் பாத்துக்கொண்டு இருங்கோவன்" என்றான் மகன். போனேன்.

பென்சிலைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டேன். அங்கே படிப்பித்த சிவமலர் ரீச்சர் வற்புறுத்தவில்லை. ஒரு தட்டில் கோதுமை மாவைப் பரப்பி என் முன்னால் வைத்து, இது என்ன என்று கேட்டார். மா என்றேன். "அப்ப அதை அதிலேயே எழுதுங்கோ, ஐயா" என்று என் விரலைப் பிடித்தார். என் வாழ்க்கையின் முதல் எழுத்து அது.

பிறகு அதே ஒலியை ஆங்கில எழுத்தில் பலகையில் எழுதி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பொருள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ரோசா வீட்டில் அது 'ஆனால்'. ஹங்கேரியிலிருந்து வந்த லாஸ்லோ வீட்டில் 'இன்று'. வியட்நாமைச் சேர்ந்த லான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டில் அது பேய். நான் ரொட்டி சுட 'மா' வேண்டுமென்றால் பேயென்று லான் ஓடுவாரா என்று கேட்டேன். ரீச்சர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நிலவறையே சிரித்தது. அன்று ரீச்சர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சத்தம் எல்லாருக்கும் பொது, ஐயா. கருத்து அந்தந்த வீட்டுக்காரர் வைக்கிறது. இங்கிலிசும் உப்பிடி ஒரு வீடுதான். கதவைத் தட்டிப்போட்டு உள்ளுக்குப் போங்கோ."

அந்த மாதத்திலேயே வகுப்பை நடத்தும் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மையார் வந்தார். மேசையில் மா சிந்தியிருந்தது. நாங்கள் ஆளுக்கொரு பாஷையில் கதைத்துக்கொண்டிருந்தோம். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசலாம், தாய்மொழியே வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ரீச்சருக்கு மட்டும் இளையவர்களின் வகுப்பு ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை ஏற்கவில்லை.

படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்களை வீட்டை போகச் சொல்லீனம். போகப்போறியளோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப நாளைக்கு வாங்கோ. இடம் நான் பாக்கிறன்."

அப்படித்தான் உடுப்புத் தோய்க்கும் அறை எங்கள் பள்ளிக்கூடமானது. மெசின்கள் உறுமும், அதற்கு மேலால் நாங்கள் கத்திப் படிப்போம். அங்கேதான் அவர் எனக்குத் தமிழ் எழுத்து முழுவதையும் சொல்லித் தந்தார். ஒருநாள் கூடையோடு வந்த நம்மவர் ஒருவர், "என்ன அண்ணை, ஆனா ஆவன்னாவோ? இனிப் படிச்சு டொக்டராகப் போறியளோ?" என்றார். ரீச்சர் திரும்பியும் பார்க்காமல், "தம்பி, அந்த மெசின் பழுதெண்டு ஒட்டியிருக்கு. ஐயா வாசிச்சிட்டார். நீங்கள் வாசிக்கேல்லையோ?" என்றார்.

நோய் வந்து, முடி உதிர்ந்த தலையில் துணி கட்டிக்கொண்டும் வந்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "வகுப்பை நிப்பாட்டாதேங்கோ, ஐயா. புதுசா ஆர் வந்தாலும் முதல் அந்த 'மா' கேள்வியைக் கேளுங்கோ."

அவருடைய செத்தவீடு முடிந்ததும் கட்டடப் பொறுப்பாளர் வந்து, ரீச்சர் இல்லாமல் என்ன வகுப்பு, கதிரைகளை எடுத்துவிடுங்கள் என்றார். லாஸ்லோ தன் கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மாலையில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் போனார்.

அன்று சோமாலியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, உடுப்பு காயும்வரை எங்களைப் பார்த்தபடி நின்றார். மா பரப்பிய தட்டை அவர் பக்கம் தள்ளினேன். ஆங்கில எழுத்தில் அந்த ஒலியை எழுதி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: உங்கள் வீட்டில் இது என்ன? அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். ஒன்றை இல்லை என்று மறுக்கும்போது அவர்கள் இந்தச் சொல்லை வைப்பார்களாம். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரீச்சர், இந்தப் பொருள் உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கேட்க நீங்கள் இல்லையே என்று முதன்முறையாக அப்போதுதான் அழுதேன். மாலையில் பொறுப்பாளர் கதிரைகளை எடுக்க வந்தார். நாங்கள் ஐந்து பேரும் எழும்பாமல், ஒரே குரலில், அந்தப் பெண்மணியின் வீட்டுச் சொல்லைச் சொன்னோம்.

மா.

கதிரைகள் இருக்கின்றன. தட்டில் மா பரப்பியிருக்கிறது. நிம்மதியாகப் போய்வாருங்கள், ரீச்சர்.