மூச்சை அடக்கத் தெரிந்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அணையில் ஓவர்சியராக இருந்தேன். டிப்ளமோ முடித்ததும் கிடைத்த வேலை. மதகுக் கதவில் அடிமரம் ஒன்று சிக்கியதால், கதவு இறங்காமல் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. அதை எடுக்கத் தென்கடற்கரையிலிருந்து காற்று சிலிண்டரோடு ஒரு டைவர் வந்தார். துணைக்கு ஓர் ஆள் கேட்டார். கிணற்றில் விழுந்த குடங்களை மூழ்கி எடுத்துத் தரும் உள்ளூர்க்காரர் ஒருவரைச் சேர்த்தோம்.

அணையில் இறங்குமுன் ஒரு தோட்டத்துக் கிணற்றில் பயிற்சி. மழை முடிந்த சமயம். நாலு ஆள் ஆழம். டைவர் சொன்னவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். காற்று நின்றால் பதறக் கூடாது. வாய்க்குழாயைத் துப்பக் கூடாது. தான் விடும் குமிழை முந்தி மேலே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சை அடக்கக் கூடாது. ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று மேலே வர வர நெஞ்சுக்குள் விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழியும்.

"வாயை மூடிராதேயும். 'ஆ'ன்னு ஊதிக்கிட்டே வாரும்" என்றார் டைவர்.

"மூச்ச வுட்டுட்டா அப்புறம் எதை வெச்சு மேல வர்றதுங்க?" என்றார் நம்மவர்.

கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரித்தார். "அவரு மூச்சடக்குனா நான் வூடு கூட்டி, கோலமும் போட்டுருவனுங்க ஓவர்சியரம்மா. அவருக்குப் போயி ஊதக் கத்துத் தர்றாரு."

படியோரம் ஆழமில்லாத இடத்தில் நம்மவர் இரண்டு முறை சரியாகவே ஊதினார். அடுத்தது கிணற்றின் அடியில். டைவரும் கூடவே இறங்கி, சொல்லிவைத்தபடி அவருடைய சிலிண்டரை மூடினார்.

நான் குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைவரின் குமிழ்கள் மட்டுமே வந்தன. சட்டென்று நம்மவர் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார், வாயை இறுக மூடியபடி. காற்று நின்றதும், பிறந்ததிலிருந்து கிணற்றில் செய்துவந்ததையே செய்திருந்தார். மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள். அவரும் சிரித்தார். படியைப் பிடித்து இருமினார். உதட்டில் நுரை வந்தது. சிவப்பு நுரை.

கயிறு, கம்பளி, கட்டுத்துணி, ஜீப் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். நெஞ்சுக்குள் கிழிந்ததற்கு அவற்றில் ஒன்றும் உதவாது. ஜீப்பில் ஏற்றினோம். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

எக்ஸ்ரே அறையில் ஊழியர் வழக்கம்போலச் சொன்னார்: "மூச்சை இழுத்து அடக்குங்க."

நம்மவர் என்னைத் தேடித் திரும்பினார். "அம்மா, அடக்கலாமுங்களா?"

வாசலிலிருந்து மனைவி சொன்னார்: "வாணாம் மாமா. வுட்டுரு."

அவர் வாயைத் திறந்து 'ஆ' என்று ஊதினார். படம் கலங்கலாக வந்தது. அதிலேயே வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது தெரிந்தது. விலாவில் குழாய் போட்டார்கள்.

பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவியிடம் நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.