காடையர் என்றால் யார்?

புண்ணியமூர்த்தி சுவிட்சர்லாந்தின் வில் நகரத்து உணவகமொன்றில் சட்டி கழுவினார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. எண்பத்தைந்தில் அந்த ஒரு நாளும் பறிபோனது. ஜெர்மன் கொஞ்சம் தெரிந்த பாவத்துக்கு, அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். கடையை எரித்தது காடையர், அண்ணனை வெட்டியது காடையர். முதல் நாள் அவர் வாயில் வந்தது ‘கேங்ஸ்டர்’. அதிகாரிக்கு உடனே விளங்கியது. பிறகு வந்த பதினொரு பேருக்கும் அதையே சொன்னார். களைத்த வாய் வேறு சொல் தேடுமா?

அவர்களில் ஒருவனான தம்பித்துரைக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்குத் தன் பிழை விளங்கியது. கேங்ஸ்டர்கள் செய்தது சாதாரணக் குற்றம், அரசாங்கத்தின் துன்புறுத்தல் அல்ல என்று எழுதியிருந்தது. ஊரில் காடையர் என்றால், அவர்களை ஏவிவிட்டவர்களும் அதற்குள் அடக்கம் என்பது எவருக்கும் தெரியும். தெரியாதவரிடம் அதைச் சொல்லாமல் விட்டது இவர்தான்.

தம்பித்துரைக்காக இரண்டு இரவு நித்திரை முறித்து மேன்முறையீடு எழுதினார். விசாரணைப் பதிவு உமக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, நீரே கையொப்பமிட்டீர், இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அன்று வாசித்துக் காட்டியவரும் இவரே.

அடுத்ததாக, கொழும்பில் கணவனைப் பறிகொடுத்த செல்வராணி வந்து காடையர் என்றாள். அவர் அந்தச் சொல்லை அப்படியே தமிழில் சொன்னார். அதிகாரி எரிச்சலோடு அர்த்தம் கேட்டார். தன்னிடம் சரியான சொல் இல்லை, எப்படிப்பட்டவர்கள் வந்தார்கள் என்று அவளையே கேளுங்கள் என்றார் புண்ணியமூர்த்தி.

“அரசாங்க லொறியிலை வந்தவங்கள். கையிலை வாக்காளர் இடாப்பு இருந்தது, அதிலை பேர் பாத்துத்தான் வீடு தேடினவங்கள். பொலிஸ் பாத்துக்கொண்டு நிண்டது” என்றாள் செல்வராணி.

அவர் அதை ஜெர்மனில் சொல்லச் சொல்ல, அதிகாரி ஒன்று விடாமல் தட்டச்சு செய்தார். ஆறு மாதத்தில் அவளுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது.

அதற்குள் தம்பித்துரைக்கு வெளியேறும் தேதி குறித்தாயிற்று. திருப்பி அனுப்ப முன்னம் களவாகப் பிரான்சுக்குப் போய்விட முடிவெடுத்தவன், வில் ரயில் நிலையத்தில் விடைபெற்றான்.

“எனக்காக எவ்வளவு வடிவாக் கதைச்சனீங்கள் அண்ணை. உங்களை மறக்கமாட்டன்.”

கேங்ஸ்டர் என்ற சொல் தன்னுடையது என்ற உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வெட்கம் விடவில்லை. “கவனமாப் போ தம்பி” என்று மட்டும் சொல்லி, அவனுடைய பையைத் தூக்கி ரயிலில் வைத்தார்.