நான் வாங்கிய முற்றம்

தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். வருஷா வருஷம் பின்னங்கள் பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு தாம்பாளம் மைசூர்பாகு வரைவேன். அதை ஆறு துண்டாகக் கோடு போட்டு, "ஆறில் ஒரு பாகம் எது, காட்டு" என்பேன். ஒரு தடவை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "ஓரத்துத் துண்டா, நடுத்துண்டா மிஸ்?" என்று கேட்டாள். அதிகப்பிரசங்கி என்று திட்டி உட்கார வைத்தேன். அந்தப் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொத்து வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் தஞ்சாவூருக்குள்ளேயே ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒரு வீட்டில் மோட்டார் போடக் கூடாது, இன்னொன்றில் விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எல்லா வீட்டுக்காரரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மூன்றாவது வீட்டில் இருக்கும்போது என் அம்மா இறந்து போனாள். படத்தை மாட்ட வேண்டும் என்று ஒரே ஒரு ஆணி அடித்தேன். இரண்டாவது அடி விழுவதற்குள் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு ஆணி அடிக்கிறீங்க?"

பிடுங்கிவிட்டேன். ஓட்டையைப் பற்பசை வைத்து அடைத்தது என் கணவர். அன்றிலிருந்து அம்மாவின் படம் பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருந்தது. புடவை எடுக்கும் நாளில் மட்டும் அவள் முகம் பார்ப்பேன். யாரையும் கேட்காமல் ஓர் ஆணி அடிக்க என் பெயரில் ஓர் இடம் வேண்டும் என்ற வெறி அப்போது பிடித்ததுதான்.

வெறி இருந்த அளவுக்குக் கையில் பணம் இல்லை. என் கணவர் ஒரு லாரி ஆபீஸில் பில் போடுகிறவர். கிடைத்தது போதும் என்கிற ஜாதி. ஆகவே ஆராய்ச்சியை நான் ஏற்றுக்கொண்டேன். செல்போன் வீடியோவில் கோட்டுப் போட்ட ஒருவர் தினமும் பேசுவார்: சின்னதாக ஆரம்பியுங்கள், காத்திருங்கள், விற்றுப் பெரிதாக வாங்குங்கள். மார்ஜின் போட்ட நோட்டில் நான் குறிப்பெடுத்தேன். என் மாணவிகள் யாரும் என் வகுப்பில் அவ்வளவு சிரத்தையாக எழுதியதில்லை.

முதலில் மனைதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், பாபநாசம் பக்கம் கூட்டிக்கொண்டு போவார்கள். வயலுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, அதற்கு நகர் என்று பெயர் வைத்திருப்பார்கள். நாங்கள் மோர் குடிப்போம், விலை கேட்போம், திரும்பி வந்துவிடுவோம். நாலாவது வாரம் வேன்காரப் பையன்கள், "மோர் டீச்சர் வந்துட்டாங்க" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதோடு வேனை விட்டேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கண்ணுக்கெட்டிய தூரம் சம்பாப் பயிர் தெரியும். இத்தனை பச்சையில் எனக்கு ஒரு குழி நிலம் கிடையாதா என்று வயிறு எரியும்.

அப்போதுதான் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். திருவிடைமருதூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய ஓட்டு வீடு. ஆறு வாரிசுகள், அதில் வெளியூரில் இருக்கும் ஒருவர் தன் பாகத்தை மட்டும் விற்கிறார்.

"ஆறுல ஒண்ணு, டீச்சர். முழு வீடு உங்க கைக்கு எட்டாதுங்க. இது எட்டும். இன்னிக்கு ஒண்ணு வாங்கிப் போட்டீங்கன்னா மீதி அஞ்சும் தானா உங்ககிட்ட வரும் பாருங்க."

சின்னதாக ஆரம்பியுங்கள் என்று கோட்டுக்காரர் சொன்னது இதைத்தான் என்று எனக்குப் பொறி தட்டிவிட்டது. சீட்டுப் பணம் எடுத்தேன், போதவில்லை. அம்மா எனக்குப் போட்ட இரண்டு வளையலையும் விற்றேன். கடைக்காரர் அவற்றைத் தராசில் போட்டபோது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஏமாறக் கூடாது என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஒரு வில்லங்கமும் இல்லை. பத்திரத்தை வரி விடாமல் வாசித்தேன். "பிரிவுபடாத ஆறில் ஒரு பாகம்" என்று தெளிவாக இருந்தது. பின்னம் சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன். எந்த ஆறில் ஒன்று என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் அதுவரை இல்லாத வில்லங்கம் என் கையெழுத்தோடு உள்ளே போனது.

பதிவு முடிந்த வெள்ளிக்கிழமை பூவும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு நானும் கணவரும் போனோம். மற்ற பங்காளிகளில் நாலு பேர் ஊரிலேயே இல்லை. அங்கே குடியிருந்தவர் ஒருவர்தான். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். வீடு முழுக்க அவருடைய அண்டாக்கள். நல்ல மனிதர், காபி கொடுத்தார்.

"இதுல எங்க பாகம் எதுங்க?" என்றேன்.

"எது உங்களுதுன்னு எப்படிங்க சொல்றது? எல்லாமே உங்களுதுதான். எல்லாமே என்னுதும்தான். இந்தக் காபி டபராவை வேணா என்னுதுன்னு சொல்லலாம்."

என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. திரும்பும் வழி முழுக்கப் பஸ்ஸில் அவரோடு பேசவில்லை.

ஆறு மாதம் விடாமல் எல்லாருக்கும் போன் போட்டு, பாகம் பிரித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியது நான். அந்த வீட்டை டேப் வைத்து அளந்ததும் நான். கிராஃப் தாளில் அளவு மாறாமல் வரைந்து, சதுர அடி பிசகாமல் ஆறாகப் பிரித்ததும் நான்தான். சமையல்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"முத்தத்தை மட்டும் பொதுவா விட்டுடலாமே டீச்சர். வானம் பாத்த இடம். அதைப் போய் யார் தலையிலயாவது கட்டணுமா?"

"பொதுன்னு விட்டா நாளைக்குப் பிரச்சினைங்க. முத்தமும் அதைச் சுத்தின தாழ்வாரமும் சேத்து ஒரு பங்கு. சதுர அடி சரியா வருது பாருங்க" என்று பென்சிலால் தட்டிக் காட்டினேன்.

சரியாகத்தான் வந்தது. ஒரு சதுர அடி கூடப் பிசகவில்லை.

யாருக்கு எது என்பதைத் திருவுளச் சீட்டில் முடிவு செய்வதாக ஏற்பாடு. தெருப்பக்கத்து அறை, கூடம், உள் அறை, முற்றம், அடுக்களை, கிணற்றோடு சேர்ந்த கொல்லை என்று ஆறு துண்டுச் சீட்டும் நானே எழுதி ஒரு செம்பில் போட, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கினார்கள். நான் மனசுக்குள் தெருப்பக்கத்து அறையை ஏற்கெனவே ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். போர்டு கூட எந்த நிறம் என்று யோசித்தாயிற்று. உள்ளூர்க்காரரான சமையல்காரர் எடுத்தார், அடுக்களை. பொருத்தம்தான். அடுத்து நான் எடுத்தேன். கண்ணை மூடி, அம்மாவை நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

பிரித்துப் படித்தேன். என் கையெழுத்திலேயே "முற்றம்" என்று எழுதியிருந்தது.

செல்போன் திரையில் இருந்த வெளியூர்ப் பங்காளிகள் நாலு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. சமையல்காரர்தான் எனக்காக வருத்தப்பட்டு, "யோகம்தான் டீச்சர். சூரியனே உங்க பங்குலதானே இருக்கான்" என்றார்.

பஸ் பாபநாசம் தாண்டும்போது அழுகை வந்தது. ஆத்திரம் யார் மேலும் இல்லை, என் மேல்தான். அம்மாவின் வளையலை விற்று மேலே ஒன்றும் இல்லாத இடத்தை வாங்கியிருக்கிறேன். ஆணி அடிக்கச் சுவர் வேண்டும் என்று கிளம்பியவளுக்கு, நான் போட்ட கோட்டின்படியே, ஒரு சுவர் கூட இல்லை. சுவர்களையெல்லாம் அந்தந்த அறைக்காரர்களுக்கு நானே தாராளமாக எழுதிக் கொடுத்திருந்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. ஒரு கடலைப் பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தார்.

சிரிப்பையெல்லாம் அவர் ஐப்பசிக்கு எடுத்து வைத்திருந்தார். அடைமழையில் போய்ப் பார்த்தால் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் என் பங்கில்தான் கொட்டியது. எல்லார் கூரைத் தண்ணீரும் என் சொத்தில். "கால் வைக்க முடியலியே டீச்சர், உன் எஸ்டேட் நிரம்பி வழியுது" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் போகும் தூம்பில் அடைத்திருந்த சருகைக் கையால் அள்ளினார். வெயில் காலத்தில் சமையல்காரர் என் முற்றத்தில் வடாம் பிழிந்து காயப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். அனுமதி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி நிர்வாகியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுக் கொடுத்தேன். அதற்கு வாடகையாக ஒரு டப்பா ஜவ்வரிசி வடாம் வந்தது. ரியல் எஸ்டேட்டில் என் முதல் வருமானம். பொரித்துச் சாப்பிட்டோம், உப்பு கொஞ்சம் தூக்கல்.

மீதி அஞ்சு பாகமும் தானாக வரும் என்ற தரகர் அப்புறம் போனை எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முற்றத்தை வாங்க முடியுமா என்று பார்க்க வந்தார். அண்ணாந்து ஒரு தடவை, குனிந்து ஒரு தடவை பார்த்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். அந்தப் போக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் ஏழாவது வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். எட்டாவது வீட்டுக்குச் சாமான் கட்டும்போது பீரோவிலிருந்து அம்மாவின் படம் வெளியே வந்தது. மறுபடி புடவைக்குள் சுற்ற எடுத்தவள், சுற்றாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவர் இல்லை என்று இத்தனை நாள் ஒப்பாரி வைத்தேனே தவிர, தாழ்வாரத்தில் நாலு மரத்தூண் என் கோட்டுக்குள்தான் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. கணக்கு டீச்சருக்கு நாலு வரை எண்ண இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை படத்தோடும் சுத்தியலோடும் போனோம். கணவர் படத்தைப் பிடித்துக்கொண்டார். சாரல் படாத தூணாகப் பார்த்து ஆணியை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தேன். பழைய மரம், வீடே அதிர்ந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் அடுக்களையிலிருந்து சமையல்காரரின் குரல் வந்தது.

"யாருங்க அது? யாரைக் கேட்டு ஆணி அடிக்கிறீங்க?"

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பழக்க தோஷம், பிடுங்கத்தான் விரல் போனது. கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டுத்தாங்க!" என்று கத்தினேன்.

உள்ளே அண்டா ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அடடே, டீச்சரா? அடிங்க, அடிங்க. தேக்குங்க அது, பாத்து. ஆணி வளையும்" என்றார்.

வளைந்துதான் போயிருந்தது. பையிலிருந்து இன்னொன்று எடுத்தேன்.