வீட்டு மனிதர் யார் என்ற விதி

எங்கள் வீட்டுக் கதவுக்குப் புத்தி சொல்லிக்கொடுத்தவள் நான். ஓர் ஆடி வெள்ளியன்று, கணவன் வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு பெட்டிகளோடு சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றபோது, அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

முடிவுக்கான காரணத்தை நீட்டி எழுதப் போவதில்லை. கை ஓங்குகிறவனோடு எத்தனை காலம்தான் ஓட்டுவது? வருகிறேன் என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்குப் போக முன்தகவல் எதற்கு என்ற திமிர். ஊரை நெருங்கி, எலவனாசூர்கோட்டை தாண்டியதுமே மூச்சு கொஞ்சம் லேசானது.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் வீடு. மாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். அப்பாவுக்கு முட்டி போனதும், பொங்கல் லீவில் வந்து வீடு முழுக்க சென்சாரும் ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுத்தேன். சென்னையில் எனக்குச் சோறு போடும் வேலையே அதுதான். ஆறு மணிக்கு விளக்கைப் போடு, எட்டு மணிக்கு மோட்டாரை நிறுத்து என்று கட்டளை போடுவது யாருக்கும் வரும். எங்கள் வேலை வேறு. எந்தப் பொருள் எது, யார் யாருக்கு என்ன உறவு என்று இயந்திரத்துக்கு முதலில் அர்த்தம் சொல்லித் தர வேண்டும். அதன் பிறகுதான் விதிகள். முட்டி வலிக்காரர் நடக்கிற வழி இருட்டாக இருக்கக் கூடாது. அப்பா முட்டி வலிக்காரர். இந்த இரண்டையும் சொன்னால் போதும். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனால் விளக்கைப் போட வேண்டும் என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

வீட்டு மனிதர் யார் என்பதற்கும் ஒரு விதி எழுதினேன். இந்த வீட்டில் பிறந்தவர்களும், இந்த வீட்டுக்கு வாழ வந்தவர்களும் வீட்டு மனிதர். அவர்கள் முகத்தைக் கண்டால் கதவு திறக்கும். மற்ற சொந்தபந்தம் எல்லாம் விருந்தாளி. வீட்டு மனிதர் யாராவது உள்ளே இருந்தால்தான் அவர்களுக்குத் திறக்கும். எழுதிய கையோடு நானே வாசலில் நின்று பார்த்தேன். பட்டென்று திறந்தது.

"பெத்தவ மாரி அடையாளம் கண்டுக்குதே!" என்று அம்மா வாயைப் பிளந்தாள். புறப்படும்போது, விதிகளைச் சேர்க்கவும் மாற்றவும் தம்பியின் போனில் மட்டும் வழி செய்துவிட்டுப் போனேன். வீட்டோடு இருப்பவன் அவன்தானே.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா, அம்மா, தம்பி மனைவி மூவரும் ரிஷிவந்தியம் கோவிலுக்குப் போயிருந்தார்கள். தம்பி வேலையாக மலைக்குப் போயிருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மதிய வெயிலில் கதவுக்கு நேரே முகத்தைக் காட்டினேன்.

"வாங்க. வீட்டில் யாரும் இல்லை. அவர்கள் வந்ததும் திறக்கிறேன்" என்றது.

கன்னம் வீங்கியிருந்ததால் அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்தேன். துப்பட்டாவை விலக்கி மறுபடி காட்டினேன். அதே பதில். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லும்படி செய்து வைத்திருந்தேன். காரணம் புரிந்தால் அம்மா மிஷினுக்குப் பயப்பட மாட்டாள் என்று. இப்போது நானே கேட்டேன்.

"நீங்கள் இந்த வீட்டு மகள். கல்யாணமாகிப் போன மகள் விருந்தாளி. விருந்தாளி வரும்போது வீட்டு மனிதர் உள்ளே இருக்க வேண்டும்."

என்னை அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறது. நடுவில் நுழைந்திருந்த அந்த ஒரு வரி என்னுடையதில்லை. தம்பிக்கு போன் போட்டேன். போகவில்லை; மலையில் டவர் இல்லையாம். ஆடி வெள்ளிக்குக் கோவிலுக்குத்தான் போயிருப்பார்கள், அங்கே வைத்துக் கலங்கடிக்க வேண்டாம் என்று அம்மாவை அழைக்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து தம்பியைத் திட்டாத திட்டில்லை. அம்மா வரட்டும், அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முதலில் தம்பிதான் பைக்கில் வந்தான். "என்னை எவன்டா விருந்தாளி ஆக்கினது?" என்று பாய்ந்தேன்.

"நானா ஒண்ணும் செய்யலக்கா. அம்மா சொல்லித்தான் போட்டேன்" என்றான்.

பின்னாலேயே ஆட்டோ வந்தது. அம்மா இறங்கினாள். முதலில் பெட்டிகளைப் பார்த்தாள், பிறகு கன்னத்தை. கன்னத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆமா, நாந்தான் சொன்னேன். இந்த மிஷினு, பொழுது போனா போதும், மகள் இன்னும் வீடு திரும்பவில்லை, கேட்டைப் பூட்டலாமான்னு தெருவுக்கே கேக்கற மாரி கத்திக்கினு கெடந்துச்சு. இன்னா, பொண்ணு வாழாம வந்துட்டாளான்னு பக்கத்து வூட்டுல கேக்கறாங்க. நான் இன்னான்னு பதில் சொல்றது?"

இருட்டியதும் வீட்டு மனிதர் எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்ட வேண்டும் என்பதும் என் விதிதான். நான் சென்னை போன நாளிலிருந்து அது தினமும் என்னையும் தேடியிருக்கிறது. இந்த வீட்டில் என்னைத் தேடியது அந்த மிஷின் மட்டும்தான் போலிருக்கிறது. அதன் வாயையும் அடைத்துவிட்டார்கள்.

"வாழாமத்தாம்மா வந்துட்டேன்" என்றேன்.

அம்மா சட்டென்று பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். "மெதுவாப் பேசு. உள்ள வா."

உள்ளே போனதும், "அந்த வரியை எடுத்துடு" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அப்பா முட்டியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்தியது.

"அத எடுக்காத" என்றாள் அம்மா. "இவளுக்கு மட்டும் தெறக்கற மாரி வை. விருந்தாளிக்கு நாள் போட்டு வெக்கலாம்னு சொன்னியே."

"எத்தினி நாளுக்கு?" என்றான் தம்பி.

"ஆடி முடியற வரைக்கும் போடு. அதுக்குள்ள அவுங்களே வந்து கூட்டிக்கினு போயிடுவாங்க. யாருனா கேட்டா, ஆடிக்கு வந்திருக்கான்னு சொல்லிக்கலாம்."

புதுப்பெண்ணைத்தான் ஆடிக்கு அழைத்து வருவார்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி போட்டு முடித்துவிட்டான். அம்மா என் பெட்டிகளைத் தெரு பார்க்காத அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அடித்தவனை விட்டு வர எனக்கு ஒரு பஸ் போதுமாக இருந்தது. பெற்றவளை எப்படி விட்டுப் போவது என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.