இல்லை என்று சொல்லாத குரல்

எனக்கு நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்து கோணலாக வரும், வருஷம் மாதம் மறந்துபோகும். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது மலையாள நாட்டில், வலியசாலை என்ற இடத்தில், ஒரு மாடி வீட்டில் டெலிபோன் அட்டைக் கம்பெனி ஒன்று நடந்தது. நான் அங்கே பெருக்கித் துடைத்து, சாயா போட்டுக் கொடுக்கிறவள். அட்டையைக் கடையில் வாங்கிச் சுரண்டினால் நீளமாக ஒரு எண் இருக்கும். எந்தப் போனிலிருந்தும் கம்பெனியைக் கூப்பிட்டு அந்த எண்ணை அமுக்கினால், எவ்வளவு பணம் மீதி என்று ஒரு குரல் சொல்லும். பிறகு ஊருக்குப் பேசலாம். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்களை நம்பித்தான் அந்த வியாபாரம்.

அவர்களுக்குத் தமிழ்க் குரல் வேண்டும் என்றார் மானேஜர். பக்கத்து அக்கிரகாரத்துத் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து பேசிக் காட்டினார்கள். தமிழை மலையாளம் மாதிரி நீட்டினார்கள். மானேஜர் சாயாவை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க நாகர்கோவில் அல்லே? நீங்க பறஞ்சா மதி."

நான் சொன்னால் போதுமாம். எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் வராது. யாருக்குச் சாயா வேண்டும் என்பதையே கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பேன். அதனால் ஸ்டோர் ரூமில் மைக்கை வைத்து, கதவைச் சாத்தி, என்னைத் தனியாக விட்டார்கள். தாளில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். எண்கள், "சற்றுக் காத்திருக்கவும்", இப்படி. கடைசித் தாளில் "உங்கள் அட்டையில் பணம் இல்லை" என்று இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். ஸ்டோர் ரூமில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரியும்போது பணம் இல்லை, அரிசி இல்லை என்று வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் தீர்ந்தாலும் 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வோம். கேட்கிறவர் புரிந்துகொண்டு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். பல்பு விளக்கில் சேர்த்தியா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சேர்த்தி என்றே பட்டது. "உங்கள் அட்டையில் பணம் நிறைந்திருக்கிறது" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மானேஜர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். "நல்ல கிளியர்" என்றார். ஆங்கிலக் காகிதம் ஒன்றில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். கூலியாக ஒரு செட்டுமுண்டு, கரை போட்ட வேட்டியும் மேல்துண்டும், கொடுத்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். என் பக்கத்து அறையில் திருநெல்வேலிக்காரன் ஒருவன் குடியிருந்தான், ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஊரில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். ஒரு வாரமாக அவளோடு பேச முடியாமல், அட்டை விற்ற கடையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் சீனி வாங்கப் போனவள் மாட்டிக்கொண்டேன்.

"காசு உண்டுன்னு மிஷின் பறயுது அண்ணாச்சி. பின்ன எனக்கு எந்து செய்யான் பற்றும், நான் என்ன செய்ய?" என்றார் கடைக்காரர்.

"பெரியம்மா, நீங்களே கேளுங்க. பணம் நெறைஞ்சிருக்குன்னு அவளே சொல்லுதா, ஒடனே லைன வெட்டுதா. இவ மட்டும் என் கையில கெடைச்சா..." என்று மாஸ்டர் ரிசீவரை என் காதில் வைத்தான்.

என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் நன்றாகத்தான் இருந்தது. ரிசீவரைக் கொடுத்துவிட்டு, சீனி வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் மானேஜரிடம் கதவுக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான், விளக்கு எரியாத வியாழக்கிழமை காலையில் திருத்திச் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"அய்யோ அம்மா, கம்பெனிய பெங்களூர்காரங்களுக்கு வித்தாச்சு. மேச, கசேர, வாய்ஸ், எல்லாம் கூட்டி. இப்ப உள்ள மிஷின்லயும் இனி வரப்போற மிஷின்லயும் அது அவங்களுக்குள்ளதாணு. நீங்க கையொப்பமிட்ட பேப்பர்ல உண்டு. நமக்குத் தொடான் பாடில்ல, தொடக் கூடாது."

"என் தொண்ட எங்கிட்டதானே இருக்கு?"

"தொண்ட அம்மாவோடது. சொன்னது அவங்களோடது."

அந்த மாதம் அவர் கார் வாங்கினார். என் செட்டுமுண்டின் கரையும் மங்காமல்தான் இருந்தது.

இனி மாஸ்டரிடமே சொல்லியாக வேண்டும். மைக்கைவிட அது கஷ்டம். அவன் அறை வாசலில் போய், உள்ளே எட்டிப் பார்க்காமல் நின்றேன்.

"மக்கா, அது நாந்தான்."

"எது பெரியம்மா?"

"லைன வெட்டுதவ."

வெள்ளிக்கிழமையையும் பல்பையும் விளக்கிச் சொன்னேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எங்கம்மயும் அரிசிப் பானயக் கவுத்து வச்சுட்டு இப்படித்தான் சொல்லுவா. மிஷினு எதுக்கு பெரியம்மா நாளும் கெழமையும் பாக்குது?"

உடனே போய்ப் புது அட்டை வாங்கிப் பேசினான். திரும்பி வந்து, பெண் குழந்தை, பிறந்து மூன்று நாள் ஆகிறது என்றான். என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அவன் ஓட்டலில் சொன்னான், ஓட்டல்காரர்கள் கொத்தனார்களிடம் சொன்னார்கள். அந்தப் பொம்பளை நிறைந்திருக்கிறது என்றால் வேறு அட்டை வாங்கு என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதோடு புகார் நின்றது. புகார் நின்றதால் பெங்களூர்காரர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு அந்தக் குரலை எங்கே கொண்டு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி வரப்போற மிஷின் என்று மானேஜர் சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது.

இது எந்த வருஷம், அட்டை நீலமா பச்சையா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. கம்பெனி நம்பரும் மறந்துவிட்டது. பழைய அட்டை யாரிடமாவது இருந்தால், அதில் இருக்கும் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் இன்னும் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.