முன்னுக்கு நடந்த அக்கா

நான் சுவிற்சர்லாந்தின் நொஷாட்டலில் பிறந்து வளர்ந்தவள். வைத்தியசாலைகளிலும் அகதி விசாரணைகளிலும் தமிழையும் பிரெஞ்சையும் மொழிபெயர்ப்பது என் தொழில். ஜெனீவாவில் ஒரு கூட்டத்துக்கு வரமுடியுமா என்று ஓர் உதவி நிறுவனம் கேட்டபோது, வழமையான வேலை என்றுதான் நினைத்தேன்.

உள்நாட்டுப் போர் ஓய்ந்த ஓர் ஆபிரிக்க நாட்டில் ஆயுதக் குழுக்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்கத் தொடங்கியிருந்தன. ஆயுதத்தை விட்டு வந்தவர்களுக்கு இனி என்ன வேலை, மிதிவெடி புதைந்த வயல்களை எப்படி மீட்பது என்று பேச, உதவ முன்வந்த நாடுகள் கூடியிருந்தன. தன் அனுபவத்தைச் சொல்லக் கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். பல வருடங்களாக மிதிவெடி அகற்றுகிறவர். இப்போது ஓர் அணியின் பொறுப்பாளர்.

காலையில் இருவரும் ட்ராமில் போய் ஐ.நா. முன்றலில் இறங்கினோம். பள்ளிக்கூடக் காலத்தில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, அப்பா அம்மாவோடு அங்கே மழையில் நின்று கத்தியிருக்கிறேன். குரல் கட்டித்தான் வீடு திரும்புவோம். உள்ளேயிருந்து யாரும் எட்டிப் பார்த்ததாக நினைவில்லை.

“இந்த இடத்திலையோ எல்லாரும் நிண்டனீங்கள்?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா.”

“நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து அதை ரேடியோவிலை கேட்டனாங்கள்.”

வாசலில் அடையாள அட்டையைக் காட்டி ஐ.நா. கட்டடத்துக்குள் போனோம்.

மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் சொன்னேன். பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். “என் கணவர் போரில் காணாமல் போனார். பிள்ளைகளை வளர்க்க இந்த வேலைக்கு வந்தேன்” என்றேன், இன்னும் கல்யாணமே ஆகாத நான்.

அவர் முடித்ததும் எதிர்வரிசையில் ஓர் உயரமான மனிதர் கையை உயர்த்தினார். அந்த நாட்டில் ஓர் ஆயுதக் குழுவை நடத்தி, அண்மையில்தான் அதைக் கலைத்தவர்.

“என்னோடு இருந்தவர்கள் ஒரு பெண் சொல்வதைக் கேட்கமாட்டார்கள். உங்கள் அணியில் ஆண்கள் எப்படிக் கேட்கிறார்கள்?”

எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவரைப் பார்த்தே பேசினார்.

“என்ரை அணியிலை முந்தி ஆயுதம் தூக்கின தம்பிமாரும் இருக்கினம். முதல்நாள் நான் அவைக்கு உத்தரவொண்டும் போடுறேல்லை. நாங்கள் துப்புரவாக்கின பாதையிலை நான் முன்னுக்கு நடப்பன். அவையைப் பின்னாலை வரச் சொல்லுவன். எங்கடை வேலையிலை பிழை இருந்தா முதல் சாகிறது நான். அதுக்குப் பிறகு, பொம்பிளை சொல்லிக் கேக்கிறதோ எண்டு ஒருத்தரும் நினைக்கிறேல்லை.”

கடைசி வரியைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். அதுவரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் அந்த மனிதர் எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தி, “எங்கள் ஆற்றோர வயல்களில் வெடி வைக்கச் சொன்னது நான்தான். எங்கே என்று ஓரளவு ஞாபகம் இருக்கிறது” என்றார்.

“அப்ப நீங்கள்தான் முதல் ஆளாய் வந்து காட்டோணும்,” என்றார் அக்கா.

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தி, “வருவேன்” என்றார்.

மாலையில் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “அப்பா, இண்டைக்கு உள்ளுக்கை தமிழ் கதைச்சது.”

“கேட்டவையோ?” என்றார் அப்பா.

“ஓம் அப்பா. எல்லாரும் கேட்டவை.”

எத்தனையோ விசாரணைகளில் எங்கள் ஆட்கள் அடைக்கலம் கேட்பதைத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு நாட்டுக்கு நாங்கள் வழி சொன்னதை அன்றுதான் முதல்முறை மொழிபெயர்த்தேன். ரயிலில் வீடு வரும்வரை அந்தப் பெருமை முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். எதிரே இருந்த பெண் காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த உதவி நிறுவனம் அழைத்ததால், அக்கா இப்போது அந்த நாட்டில்தான் மிதிவெடி அகற்றப் பயிற்சி கொடுக்கிறார். முதல் அணியில் பாதிப் பேர் பெண்கள். அந்த மனிதர் சொன்னபடியே வந்து வயல்களைக் காட்டினாராம். போன கிழமை அக்காவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது: “பிள்ளை, வேலை நல்லாப் போகுது. சாப்பாட்டிலைதான் உறைப்பு காணாது. கொஞ்சம் கறித்தூள் அனுப்பிவிடும்.”

மறுநாளே அனுப்பிவிட்டேன்.