ஊக்கு குத்திய துண்டு

ஒத்திகையின் முதல் நாளே என் வில்லன் பணிந்து நின்றான். நாடகத்தில் அவன் மிராசுதார். எதிரே நிற்கும் குத்தகைக்காரனை அதட்டி நிலத்தை விட்டு இறக்க வேண்டும். அவனோ தோளில் போட்ட சரிகைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் திருவிழா நாடகங்கள் எழுதிப் பழக்கிக் கொடுத்தவன். இப்போது சீரியலுக்கு எழுதும் தம்பிகள், "வில்லன் கேரக்டர் நிக்க மாட்டேங்குது சார்" என்று வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1. வேஷம் பிரித்த கதை

குடவாசல் பக்கத்து ஊர் அது. சீன் செட்டிங் வாடகையை யார் ஏற்கிறாரோ அவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஹீரோ வேஷம். அது அங்கே எழுதாத சட்டம். அந்த வருஷம் ஏற்றவர் ஊர்ப் பண்ணையார். ஆகவே அவர் மகன் சேகர் ஹீரோ. என் கதையிலோ ஹீரோ ஏழைக் குத்தகைக்காரன். மிராசுதாருக்கு ஏற்ற கட்டைக்குரல் ஊரில் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவன் கோவிந்தராசு, பண்ணையாரின் நிஜக் குத்தகைக்காரன். எல்லாம் தலைகீழ்!

2. துண்டு நிற்கவில்லை

அது குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த சமயம். பதிந்துவிட்டால் லேசில் நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனால் பண்ணையார், "நெலத்த விட்டுட்டேன்னு ஒரு கைநாட்டு வச்சிடு" என்று கோவிந்தராசுவை நச்சரித்துக்கொண்டிருந்தார். வைத்தால் நிலம் போச்சு. வைக்காவிட்டால் பண்ணையாரின் பகை. மனுஷன் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தான்.

இந்த லட்சணத்தில் அவன் பண்ணையார் மகனை அதட்ட வேண்டும். சேகர் என்ட்ரி கொடுத்தாலே துண்டு இடுப்புக்கு வந்துவிடும்.

"ஏம்ப்பா, நீதான மிராசுதாரு?"

"தெரியுதுங்க வாத்தியாரே. கை கேக்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். துண்டைச் சட்டையோடு சேர்த்து இரண்டு ஊக்குக் குத்திவிட்டேன்.

3. பண்ணையார் நடித்துக் காட்டியது

மறுநாள் சாயங்காலம் பண்ணையாரே ஒத்திகை நடந்த நெல் களத்துக்கு வந்தார். கோவிந்தராசு ஊக்குக் குத்திய துண்டோடு கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துய்யா வாத்தியாரே! நெலத்தத் திரும்ப வாங்க நெனக்கிறவன் இப்படியா கத்துவான்? ஊரு கூடிடாது? நவுருங்க, நான் காட்டுறேன்."

அப்பாவின் முன்னால் கெஞ்சி நிற்க சேகருக்கு வெட்கம். ஒதுங்கிக்கொண்டான். நான் கோவிந்தராசுவையே குத்தகைக்காரனாக நிற்கச் சொன்னேன். பண்ணையார் நாற்காலியில் சாய்ந்து, சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"வாப்பா கோவிந்தராசு. மக நல்லாருக்கா? கல்யாணத்துக்கு நான் இருக்கேன், கவலப்படாத. ஒரு கைநாட்டுதான். நாளைக்கும் நீதான உழப்போற? நமக்குள்ள என்ன?"

நான் எழுதிய வசனம் இல்லை அது. கோவிந்தராசுவின் கை துண்டுக்குப் போனது. இழுத்தான், வரவில்லை. மறுபடி இழுத்தான், சட்டையும் கூட வந்தது. யாரோ சிரித்தார்கள். அவன் கையைக் கீழே விட்டான். துண்டு தோளிலேயே இருந்தது.

"மாட்டேங்க. பேரு பதியப் போறேங்க."

சேகருக்கு நான் எழுதிய வசனம் அது. பண்ணையார் நிமிர்ந்தார்.

"வசனமா பேசுற?"

"வசனந்தாங்க. நெசமும் அதாங்க."

பண்ணையாரின் சிரிப்பு போய்விட்டது.

"பதிஞ்சிட்டா நீ குத்தகை நெல்லு அளப்பியாடா? கொடியத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல நிப்ப. அப்புறம் என்னை இந்த ஊர்ல எவன் மதிப்பான்?"

மனுஷனுக்குப் பயம்! இவ்வளவு நாளும் நான் அவரிடம் கண்டது ஆசையை மட்டும்தான்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து அளக்குறோம்ங்க. மொத மூட்டை உங்க வீட்லதான் எறங்கும். நின்ன நெலத்துல எனக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதாங்க."

"அவன் கேக்குறதுல என்னப்பா தப்பு?" என்றான் சேகர்.

பண்ணையார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "வேஷம் கட்டுனதும் கட்சி மாறிட்டியாடா?"

களமே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்னமோ பண்ணுங்கடா" என்று நடையைக் கட்டினார். கோவிந்தராசு பெயரைப் பதிந்தான். பண்ணையார் ஆட்சேபணை மனு எதுவும் போடவில்லை. அறுவடையானதும் முதல் மூட்டை சொன்னபடி அவர் வீட்டில் இறங்கியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

4. கற்றது

அன்றைக்கே வில்லன் வசனம் முழுவதையும் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். தம்பிகளே, பேராசைக்காரனை எழுத உட்கார்ந்தால் அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று முதலில் கேளுங்கள். பயந்தவனை எழுதினால் அவன் மனசுக்குள் என்ன ஆசை என்று கேளுங்கள். வில்லன் தானாக நிற்பான்.

திருவிழாவன்று மேக்கப் முடிந்ததும் ஊக்கோடு கோவிந்தராசுவிடம் போனேன். அவன் தோள் துண்டை ஒரு தரம் சரிசெய்துகொண்டு சிரித்தான்.

"வேணாங்க வாத்தியாரே. நிக்கும்."